விரதமிருந்து பெருத்த பாம்பு

எங்கள் வீட்டில் பாம்பு இருக்கிறது என்று சொன்னால், லண்டன் மோர்டனில் எனக்குத் தெரிந்த சனத்தில் பாதிப் பேர் வாசலோடு நின்றுவிடுவார்கள். மீதிப் பேர் உள்ளே வருவார்கள். ஆனால் தேத்தண்ணி குடித்து முடியும்வரை காலைத் தரையில் ஊன்றமாட்டார்கள். "கடிக்காதோ? கண்ணாடிப் பெட்டி உடையாதோ? உங்கட வீட்டில எலித் தொல்லையோ?" என்று கேள்வி மேல் கேள்வி. ஒருத்தி வீடியோ கோலில்கூட என்னோடு கதைக்கப் பயப்பட்டாள். அவளுக்கு என்ன, பாம்பு போனுக்குள்ளால் வந்துவிடுமா?

பாம்பு என்னுடையது இல்லை, மகளுடையது. கோர்ன் ஸ்நேக் என்று ஓர் அமெரிக்க இனம். நஞ்சு இல்லை. செம்மஞ்சள் உடம்பில் சிவப்புத் திட்டுத் திட்டாக இருக்கும். பதினாறு வயதில் மகள் இதற்காக இரண்டு வருடம் என்னை அரித்து எடுத்தாள். நான் இருக்கும்வரை இந்த வீட்டுப் படிக்குப் பாம்பு வராது என்று சத்தியம் பண்ணினேன். வந்தது. என் சத்தியத்துக்கு வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

பிறகு மகளுக்கு ஸ்கொட்லாந்தில் படிக்க இடம் கிடைத்தது. மாணவர் விடுதியில் பாம்பு வைக்க விடமாட்டார்கள். பாம்பும் நானும் ஒரே வீட்டில் மிஞ்சினோம். கணவர் இருந்தார்தான். அவர் பஸ் ஓட்டுகிறவர். லண்டன் வீதியில் எந்தப் பெரிய லொறிக்கும் பயப்படாதவர், பாம்பு இருக்கிற மகளின் அறைப் பக்கம் மட்டும் போகமாட்டார். பாம்பை "உம்மட ஆள்" என்பார். நானும் மகளும் "அவ" என்போம், ஏனென்றால் அவ பெண்.

போகும்போது மகள் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். பதினாலு நாளுக்கு ஒருக்கால் ஓர் எலி. உறைந்த எலியை உறையோடு சுடுதண்ணிக்குள் வைத்து இளக்கி, இடுக்கியால் பிடித்துக் காட்ட வேண்டும். சாப்பிட்டு இரண்டு நாளைக்குத் தூக்கக் கூடாது. மாதம் ஒருமுறை நிறுக்க வேண்டும். கடைசி வரியை நான் சிவனே என்று விட்டுவிட்டேன். பாம்பை எடுத்துத் தராசில் வைக்க எனக்கு அப்போது கை வராது.

முதல் மாதம் கண்ணை மூடிக்கொண்டு எலியை நீட்டினேன். இரண்டாவது முறை ஒரு கண்ணைத் திறந்தேன். அதன்பிறகு எனக்கு விசர் பிடித்துவிட்டது என்றே சொல்லலாம். அவவுக்குக் கண்ணிமை இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன். அப்படியென்றால் அவ நித்திரையா முழிப்பா என்று எப்படித் தெரியும்? முகத்துக்கு நேரே விரலை ஆட்டிப் பார்த்தேன். நாக்கு வெளியே வந்தால் முழிப்பு. வராவிட்டால் நித்திரை, அல்லது என்னை மதிக்கவில்லை. அந்த நாக்கால்தான் அவ மணக்கிறாவாம். நான் மீன்குழம்பு வைத்த கையோடு போனால் நாக்கு படபடவென்று வரும்; சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் போனால் ஒருமுறை நீட்டிவிட்டு நிறுத்திவிடுவா. தன் தலையைவிடப் பெரிய எலியை எப்படி விழுங்குகிறா என்று பார்க்கக் கதிரை போட்டு உட்கார்ந்தேன். வலப்பக்கத் தாடை ஓர் அடி முன்னுக்கு, பிறகு இடப்பக்கத் தாடை. வாயாலேயே நடந்து எலியின் மேல் ஏறுகிறா. கடவுளே, யார் யோசித்தது இதையெல்லாம்?

நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். முந்நூறு பிள்ளைகளுக்கு அளந்து போடுகிறவள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்ற முன்னமே மாடிக்கு ஏறுவேன். வெறுமையாய்க் கிடந்த மகளின் அறையில் எனக்காக ஓர் உயிர் காத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அது காத்திருக்கவில்லை, சும்மா இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

என் வீட்டு விரதக் கதையை இங்கே சொல்ல வேண்டும். எலிகள் இருந்தது பின்வளவு ஷெட்டில், ஆட்டிறைச்சியும் மீனும் இருக்கிற இரண்டாவது ஃபிரீசரில். வெள்ளிக்கிழமையில் அந்த ஃபிரீசர் திறபடாது. லண்டனுக்கு வந்து முப்பது வருடத்தில் ஒரு வெள்ளிகூடத் திறபட்டதில்லை. ஐப்பசியில் கௌரி விரதம் இருபத்தொரு நாள். அது முடிந்த மறுநாளே கந்தசஷ்டி ஆறு நாள். கொஞ்சம் மூச்சுவிட்டால் பிள்ளையார் பெருங்கதை இன்னோர் இருபத்தொரு நாள், அதைத் தொட்டுத் திருவெம்பாவை. இந்த நாட்களில் மச்சம் மாமிசம் எதுவும் வீட்டுக்குள் இளகாது. எலியும் மாமிசம்தானே. என் சமையலறைத் தொட்டியில் எலி மிதக்க, நான் கௌரிக் காப்புக் கட்டின கையோடு பக்கத்தில் நின்று தேங்காய் துருவுவதா? நடக்கிற காரியமா?

ஆக, பாம்பும் எங்களோடு சேர்ந்து விரதம் பிடித்தது.

ஆனால் வாயில்லாச் சீவன். இருபத்தேழு நாள் பட்டினி போடலாமா? கௌரி விரதம் தொடங்க முதல்நாள் இரண்டு எலி கொடுத்தேன். ஒரு கிழமைக்கு முன் ஒன்று கொடுத்ததைக் கணக்கில் எடுக்கவில்லை. அது வழமையானது, இது விரதத்துக்கானது. சஷ்டி முடிந்து நாங்கள் பாறணை பண்ணி வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டபோது, அவவுக்கும் பாறணை வேண்டாமா? இரண்டு பெரிய எலி. பெருங்கதை தொடங்கப் பத்து நாள்தான் இருக்கிறது என்று இடையில் இன்னும் இரண்டு. சாதாரண நாட்களில் பதினாலாம் நாள் வெள்ளியில் விழுந்தால் வியாழனே கொடுத்துவிடுவேன். ஒரு நாள் முந்திக் கொடுத்ததற்குப் பிறகு ஏன் பதினாலு நாள் காக்கவைப்பான் என்று அடுத்ததைப் பத்தாம் நாள் கொடுப்பேன். வருசப்பிறப்பு, எங்கள் கலியாணநாள், மகளின் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று. மகளுக்குத்தான் ஆக்கிப்போட வழியில்லை, அவளுடைய பாம்பாவது சாப்பிடட்டும் என்று ஒரு நினைப்பு. அவவும் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. மகள் இடையில் ஒருதரம் மூன்று நாள் வந்தாள். அந்த நேரம் பாம்பு தோல் உரிக்க ஆயத்தமாகிக் பெட்டிக்குள் வைத்த சின்னக் குகைக்குள் சுருண்டிருந்ததால் அவள் தொடவில்லை. கோடை முழுவதும் அங்கேயே வேலை செய்தாள். வீடியோவில் காட்டு என்பாள். குகை வாசலில் தெரிகிற தலையைக் காட்டுவேன். பாம்பு பெருத்தால் தலை பெருக்காது. உடம்பு மட்டும்தான் பெருக்கும். அது எனக்கு யார் சொன்னது?

இரண்டாவது வருடம் டிசம்பரில் நத்தார் லீவுக்கு வந்தவள் பையைக் கீழே போட்டுவிட்டு மேலே ஓடினாள். அடுத்த நிமிடம் வீடு அதிர ஒரு கூச்சல்.

"அம்மா! வட் இஸ் திஸ்? இவவுக்கு என்ன நடந்தது?"

ஓடிப் போனேன். மகள் பாம்பைக் கையில் வைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால், நான் அன்றுதான் அவவை வெளிச்சத்தில் முழுதாகப் பார்த்தேன். வளைகிற இடத்தில் சதை மடிப்பு. செதிலுக்கும் செதிலுக்கும் நடுவில் தோல் வெளியே தெரிந்தது, இறுகின சட்டையில் பொத்தானுக்கு நடுவில் வயிறு தெரிகிற மாதிரி. மகள் மா நிறுக்கிற தராசை எடுத்துவரச் சொல்லி, ஐஸ்கிரீம் பெட்டியில் அவவை வைத்தாள். பெட்டிக்குள் அடங்கவில்லை. வாளியில் வைத்து நிறுத்தோம். தொளாயிரத்து நாற்பது கிராம். மகள் விட்டுப்போகும்போது அறுநூற்றுப் பத்து.

"ஆர் கூடக் குடுத்தது? அப்பா, நீங்களோ?"

கீழே சோபாவில் இருந்த மனிசன் துள்ளி எழும்பினார். "நானோ? நான் அந்த அறைப் பக்கம் மழைக்கும் ஒதுங்கினதில்லை!"

"அப்ப ஆர் குடுத்தது?" என்று நானும் சேர்ந்து கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரம் நான் கூடக் கொடுத்தேன் என்று எனக்கே தோன்றவில்லை. நான் கொடுத்ததற்கெல்லாம் ஒரு காரணம் இருந்ததே.

அடுத்த கிழமை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். ஊர்வன மட்டும் பார்க்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண், என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கும். சாப்பாடு கொடுத்த நாட்களைக் குறித்து வைத்திருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நான் கோயில் நாட்காட்டியில் எலி கொடுத்த நாளையெல்லாம் வட்டம் போட்டு வைப்பேன். அதைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுபோய் மேசையில் விரித்தேன். முருகன் மயிலோடு நிற்க, கீழே நாளுக்கு நாள் வட்டம்.

வைத்தியர் விரலை வைத்து எண்ணிக்கொண்டு போனார். ஐப்பசியில் விரல் நின்றது. இங்கே இத்தனை வட்டம், பிறகு ஒரு மாதம் ஒன்றுமே இல்லை, திரும்ப இத்தனை வட்டம், இது என்ன என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் விளக்கினேன். இது எங்கள் விரதம். நாங்கள் இறைச்சி தொடமாட்டோம். பாம்பும் தொடாது.

"அப்படியானால் விரதம் வருவதற்கு முதல் அதிகம் கொடுக்கிறீர்கள்?"

"ஓம். பசிக்குமே."

"முடிந்த பிறகு?"

"பாறணை," என்றேன். அதற்கு இங்கிலீசு தெரியவில்லை. மகள் சொன்னாள். சொல்லிவிட்டு, மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

வைத்தியர் நாட்காட்டியைப் படம் எடுக்கலாமா என்று அனுமதி கேட்டார். உடம்பு எத்தனையோ விதமாகப் பெருத்த பாம்புகளைப் பார்த்திருக்கிறாராம். பட்டினி கிடந்து பெருத்த பாம்பை இதுவரை பார்த்ததில்லையாம். மகள் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. அட கோதாரி, முப்பது வருடம் நானும் இப்படித்தானே விரதம் பிடிக்கிறேன் என்று நினைத்தேன்; முதல்நாளும் முடிந்த நாளும் நானே சாப்பிடுகிற சாப்பாட்டை ஆர் நிறுத்துப் பார்த்தது?

பிறகு அவர் சிரிப்பை விட்டுவிட்டார். வால் தொடங்குகிற இடத்தில் என் விரலை வைத்து அமத்திக் காட்டினார், மெத்துமெத்தென்றிருந்தது. உள்ளே ஈரலிலும் இப்படிக் கொழுப்பு ஏறியிருக்கும் என்றார். சின்ன எலியாக மூன்று கிழமைக்கு ஒன்று. ஏறி இறங்கக் கிளைகள் வையுங்கள். மாதம் இருபது, முப்பது கிராம் குறைந்தால் போதும். அவசரப்பட்டுப் பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஒரேயடியாகக் கரைந்து ஈரலில் போய் அடைத்துக்கொள்ளும், அப்படி நடந்தால் பாம்பு செத்துப்போகும் என்று தெளிவாகவே சொன்னார். மகள் அதையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு ஸ்கொட்லாந்துக்குப் போனாள்.

கிளைக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது என் மனிசன் பக்கத்து வீட்டார் வெட்டிப் போட்ட அப்பிள் கொப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். பட்டையைச் சுரண்டி, கழுவி, பூச்சி போக அவண் அடுப்பில் வைத்துக் காயவைத்து, அளவாக வெட்டி அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை. அடுத்த நாள் அவ அதில் ஏறினா. ஏறினா என்பது பெரிய பேச்சு. பாதி தூரம் போய் வயிற்றுப் பாரம் இழுக்கத் தொப்பென்று விழுந்தா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது என் கை செய்த வேலை.

மூன்று கிழமை சொன்னபடி நடந்தேன். குறைந்தது பன்னிரண்டு கிராம். இந்தக் கணக்கில் எத்தனை மாதம்? மகள் திரும்ப வந்து பார்க்கும்போதும் இதே மடிப்போடுதான் கிடக்கும். நான் இருபத்தொரு நாள் ஒருநேரம் சாப்பிட்டு இருக்கிறவள், அவ இருக்கமாட்டாவா? செய்வதென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். இந்தமுறை முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை, எலியே இல்லாத சுத்தமான விரதம். வைத்தியர் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் வெள்ளைக்காரருக்கு விரதத்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு திமிர். கோபம் வந்தால் எனக்கு நடுவில் நிற்கத் தெரியாது. அந்தக் கோபம் என் மேலேயே வந்திருந்தது.

மகள் போன் எடுத்து, "அவ சாப்பிட்டவவோ?" என்று கேட்டாள்.

"ஓம், வடிவாச் சாப்பிட்டா," என்றேன். வாய் கூசாமல் வந்தது. அடுத்த மூன்று கிழமையும் அதே பொய்.

இப்போது தராசுக்கு எனக்குப் பயமில்லை. நாள்தோறும் வேலையால் வந்து நிறுப்பேன். தொளாயிரத்துப் பத்து. எண்ணூற்றுத் தொண்ணூறு. எண்ணூற்று அறுபது. பள்ளிக்கூடச் சமையலறையில் கூட வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லித் திரிந்தேன். மனிசன் மட்டும் ஒருநாள், "இஞ்சருமப்பா, உம்மட ஆள் கொப்பில ஏறுறதை விட்டிட்டுது போல கிடக்கு. சத்தமே கேட்கேல்லை," என்றார். அவர் கீழே இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான், "நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ," என்று வாயை அடைத்தேன்.

கடைசி எலி கொடுத்து ஒன்பதாவது கிழமை, போதும் என்று ஒரு சின்ன எலியை இளக்கிக் கொண்டுபோனேன். பாய்ந்து பிடிக்கப் போகிறா என்று கையைத் தள்ளியே வைத்திருந்தேன். அவ எலியை ஒருமுறை மணந்தா. முகத்தை மற்றப் பக்கம் திருப்பினா. இரண்டு நாள் கழித்து இன்னும் சின்னது, இன்னும் கொஞ்சம் சூடாக. நாக்குக்கூட வரவில்லை. தூக்கினால் கையைச் சுற்றிப் பிடிக்கிறவ, அன்று நனைந்த கயிறு மாதிரித் தொங்கினா. அன்றே வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வைத்தியர் கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரத்தம் எடுத்தார். இரண்டு நாளில் போன் வந்தது. ஈரல் பழுதாகத் தொடங்கிவிட்டது, ஆனால் இன்னும் கைவிடவில்லை. தானாகச் சாப்பிட்டால் தப்பும். இரண்டு கிழமை பார்ப்போம். சாப்பிடாவிட்டால் குழாய் போட்டு ஊட்ட வேண்டும், அதற்குப் பிறகு தன்னால் உறுதி சொல்ல ஏலாது என்றார்.

மகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். சொன்னேன்.

"நீங்கள் எனக்குப் பொய் சொன்னனீங்கள், அம்மா. எவ்ரி டைம் நான் கேட்கேக்க."

"ஓம் பிள்ளை."

அவள் வைத்துவிட்டாள். நான்கு நாள் எடுக்கவில்லை. அவள் போனதிலிருந்து அப்படி ஒரு நாலு நாள் இருந்ததில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தரம் சாப்பிட்டியா என்று கேட்டு அவளை அலுப்புப் படுத்தின வாய்க்கு, அந்த நாலு நாளும் கேட்க ஆள் இல்லை.

கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டு நீட்டினேன்.

"ஆற்ற பேருக்கம்மா? நட்சத்திரம் என்ன?" என்று ஐயர் கேட்டார்.

நான் அதை யோசிக்கவேயில்லை. பாம்புக்கு மகள் வைத்த பேர் ஓர் இங்கிலீசுப் பேர். அதைச் சொன்னேன். ஐயர் ஒரு புருவத்தை உயர்த்தினார். வெள்ளைக்கார மருமகள் என்று நினைத்திருப்பார். நட்சத்திரம்? பாம்புக்கு உரிய நட்சத்திரம் ஆயிலியம். "ஆயிலியம்," என்றேன். அவர் மந்திரத்தோடு மந்திரமாகப் பேரையும் சொல்லிப் பூவைத் தந்தார். சுவாமிக்குத் தெரியும்தானே நான் ஆருக்காக வந்தேன் என்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

அன்றைக்கே அவவின் கண் பால் படர்ந்த மாதிரி நீலம் பாரித்தது. தோல் உரிக்கப் போகிறா. அந்த நாட்களில் எந்தப் பாம்பும் சாப்பிடாது. இரண்டு கிழமையில் முக்கால்வாசி அதிலேயே போகப்போகிறது. நான் நாளை எண்ணினேன். ஐந்தாம் நாள் மகளிடமிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது. தோல் கழற்றின உடனே பசி வரும், அன்றைக்கே காட்டுங்கோ, விட்டால் அந்தப் பசி போய்விடும் என்று எழுதியிருந்தாள். கீழே வேறு ஒன்றும் இல்லை.

தோல் கழன்ற நாள் வெள்ளிக்கிழமை.

ஈஸ்டர் லீவு, எனக்கு வேலை இல்லை. முழுகித் திருநீறு பூசிக்கொண்டு மேலே போனேன். கொப்பின் அடியில் முழுத்தோல் கிடந்தது. கையில் எடுத்தால் காற்று மாதிரி. கண்ணிருந்த இடத்தில்கூட இரண்டு சின்னக் கண்ணாடி வட்டம். இமை இல்லாதவ கண்ணுக்கும் சேர்த்தே தோல் உரிக்கிறா என்று அன்றுதான் கண்டேன். அவ புதுநிறத்தோடு பெட்டியின் முன்பக்கம் வந்து தலையைத் தூக்கிக்கொண்டிருந்தா. நாக்கு வந்தது. திரும்ப வந்தது. மூன்று கிழமையாக வராத நாக்கு.

கீழே வந்து படியில் இருந்தேன். மனிசன் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"நாளைக்குக் குடுத்தாப் போச்சு. ஒரு நாள்தானே," என்றார்.

நான் மகளின் செய்தியைத் திறந்து போனை அவரிடம் நீட்டினேன்.

"சரி, நீர் இரும். நான் ஷெட்டுக்குள்ளயே தண்ணி கொண்டுபோய் வைச்சு இளக்கிறன். வீட்டுக்குள்ள கொண்டரேல்லை. நீர் தொடவும் வேண்டாம்." எலியைத் தொடவேண்டும், பிறகு பாம்பிடம் போக வேண்டும். அந்த மனிசன் அதற்கும் துணிந்துவிட்டார்.

"விடுங்கோ. நான்தான் இதைச் செய்தனான், நானே குடுக்கிறன்," என்றேன்.

ஷெட்டுக்குப் போய் ஃபிரீசரைத் திறந்தேன். ஆகச் சின்ன எலி ஒன்றை எடுத்து வந்து, சமையலறைத் தொட்டியிலேயே, பகல் வெளிச்சத்தில் சுடுதண்ணிக்குள் வைத்தேன். அடுப்பில் பருப்பு அவிந்துகொண்டிருந்தது. இடி விழவில்லை. எலி மெல்ல மெல்ல இளகியது.

மேலே கொண்டுபோய் இடுக்கியை நீட்டினேன். அவ மணந்தா. பின்வாங்கினா. நான் இடுக்கியை அசைக்காமல் பிடித்திருந்தேன். தோள்மூட்டு கடுத்தது. அவ ஒரு விரற்கடை முன்னுக்கு வந்தா, நின்றா, இன்னும் ஒரு விரற்கடை. திடீரென்று இடுக்கியில் ஓர் இழுப்பு.

பிடித்துவிட்டா!

அப்படியே தரையில் இருந்துவிட்டேன். போனை எடுத்து மகளுக்கு வீடியோ போட்டேன். எடுத்தாள். போனைப் பெட்டிப் பக்கம் திருப்பினேன். வலப்பக்கத் தாடை, இடப்பக்கத் தாடை. உடம்பில் பலமில்லாததால் நடுநடுவே நின்று களை ஆறினா. எலியின் வால் மட்டும் வெளியே நின்றபோது இனி ஏலாது என்று கக்கிவிடுவாவோ என்று போனை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். வாலும் போனது. பிறகு வாயை ஆவென்று திறந்து, தாடையை ஒருபக்கம் கோணி, இரண்டு தரம் கொட்டாவி விட்டா.

"தாடையைச் சரிப்படுத்திறா அம்மா," என்றாள் மகள். நான் வாய்விட்டு அழுதேன். அவளும் அழுதாள். அதன்பிறகு பாம்பைப் பார்த்தபடி நாங்கள் எதையெதையோ கதைத்தோம்: அந்த எலும்பு எங்கே பொருந்துகிறது, எலி இப்போது எந்த இடத்தில் நிற்கும், சீரணிக்க எவ்வளவு சூடு வேண்டும். அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கீழே இறங்கியபோது வெளியே மங்கிவிட்டது. சாமியறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் ஏற்றவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கை நான் அடியோடு மறந்துபோயிருந்தேன்.

சமையலறையில் அவர் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பாராமலே சொன்னார்: "நீர் பிள்ளையோட கதைச்சுக்கொண்டு இருந்தனீர். நேரம் போயிட்டுது. அதுதான் நான் கொளுத்திவிட்டன்."

முப்பது வருடத்தில் அந்த மனிசன் அந்த மூலையில் ஒரு நெருப்புக்குச்சி தட்டினதில்லை. ஒரு திரி வைக்கிற விளக்கில் மூன்று திரி போட்டு, எண்ணெயைத் தட்டு நிறைய வழிய வழிய ஊற்றியிருந்தார். நான் திரியையும் குறைக்காமல், எண்ணெயையும் துடைக்காமல் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போய் உட்கார்ந்தேன்.